அக்ராவிலிருந்து நைரோபிக்கு ஐந்தே முக்கால் மணித்தியாலம்

எங்கள் பங்கின் தமிழ் மடலை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, சாட்சி எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். ஞாயிறு பூசையில் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டு முதல் ஆளாய் வெளியே போகிற மேரி நான்தான். ஆனால் போன வருஷம் தவக்காலத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்னைப்போல் நன்றி கெட்டவள் வேறு யாரும் இருக்க மாட்டாள்.

நாங்கள் லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறோம். நான் ஒரு பாடசாலைச் சாப்பாட்டறையில் வேலை செய்கிறேன். என் கணவர் யூட் குளிர் அறைகள் பொருத்துகிறவர். மீன், பழம், பூ இவை கெட்டுப்போகாமல் வைக்கிற பெரிய அறைகள். அவருடைய முதலாளி இல்ஃபோர்டில் இருக்கும் செல்வம் அண்ணை. அவருக்கு ஆபிரிக்காவிலும் வேலைகள் கிடைக்கும். அப்படி யூட் அந்த முறை கானாவில் அக்ராவுக்குப் பத்து நாள் போனார். அங்கிருந்து நேரே கென்யாவில் நைரோபிக்குப் பறந்து, அங்கே ஒரு ரோசாப்பூப் பண்ணையில் வேலையை முடித்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

இனி வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். யூட்டுக்கு இருபத்திரண்டு வயதிலிருந்து சீனி வருத்தம், நீரிழிவு. குளிசை போட்டுச் சமாளிக்கிற வகை இல்லை. இன்சுலின் ஊசி இல்லாவிட்டால் உடம்பு ஒரு நாள்கூடத் தாங்காத வகை. இது எங்கள் நாலு சுவருக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. எனக்கே கலியாணம் முடிந்து மூன்றாம் நாள்தான் தெரியும். மாமியார் வீட்டில் எல்லாருமாய்ச் சேர்ந்து மறைத்திருந்தார்கள். நான் இரண்டு கிழமை அவரோடு பேசவில்லை. பிறகு என்ன, நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து மறைக்கத் தொடங்கினேன். எங்களுக்கு அனிற்றா பிறந்த பிறகு இன்னும் கவனமாய் மறைத்தோம். தகப்பனுக்கு வருத்தமென்றால் பிள்ளைக்கும் வரும் என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் திரும்பியும் பார்க்க மாட்டார்கள் என்ற பயம். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் இது புதிது இல்லை.

போன வருஷம் அந்தப் பயம் உச்சத்தில் இருந்தது. செல்வம் அண்ணையின் அக்காவுடைய மகனுக்கு அனிற்றாவைக் கேட்டிருந்தார்கள். நல்ல பெடியன், நல்ல குடும்பம். பேச்சு முக்கால்வாசி முடிந்துவிட்டது. முதலாளிக்கும் தெரியக்கூடாது, சம்பந்தி வீட்டுக்கும் தெரியக்கூடாது. இரண்டும் ஒரே வீடு.

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு யூட் அக்ராவிலிருந்து போன் எடுத்தார். குரல் சரியில்லை.

“இரவு முழுக்க வயித்தால போச்சு மேரி. ரெண்டு தரம் சத்தியும் எடுத்தனான். சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லைப் போல.”

“ஊசி போட்டனீங்களோ?”

“இரவு ஒன்பது மணிக்குப் போட்டனான். காலமை ஒண்டும் சாப்பிடேல்லை, அதால போடேல்லை. பிளேனில பாப்பம். கார் வந்திட்டுது, வைக்கிறன்.”

அவ்வளவுதான். வாந்தி, சத்தி என்று வருகிற நேரத்தில்தான் இந்த வருத்தக்காரருக்கு ஊசி கட்டாயம் வேண்டும். சாப்பிடாவிட்டாலும் வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு வயிற்று வருத்தத்தில் ஊசியைத் தவறவிட்டு, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தார். அப்போது டொக்டர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார், இன்னொரு தரம் இப்படி வந்தால் பிழைக்க வைக்க முடியுமோ தெரியாது என்று. அது மனதில் கிடந்தாலும் வேலைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும். பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நேரம் நாங்கள் போனைத் தொடக்கூடாது. ஒன்றேகாலுக்குத்தான் ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போனைப் பார்த்தேன்.

தெரியாத நம்பரிலிருந்து ஒரு படம். அக்ரா ஹோட்டல் வரவேற்பிலிருந்து பன்னிரண்டு இருபதுக்கு அனுப்பியிருக்கிறார்கள். படிவத்தில் யூட் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். அறையைத் துப்புரவு செய்தவர் பிரிட்ஜுக்குள் தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பின்னால் ஒரு நீலப் பையைக் கண்டெடுத்தாராம். பையைத் திறந்து வைத்து எடுத்த படம். இரண்டு வகை இன்சுலின், ஊசி முனைகள், சீனி பார்க்கும் மீற்றர். எல்லாம் அதற்குள் இருந்தது. அவரிடம் ஒன்றும் இல்லை.

அந்தப் பையைப் பிரிட்ஜில் வைக்கச் சொன்னது நான். “அங்க சரியான வெக்கை, வெளியில வைக்காதேங்கோ” என்று இரண்டு நாளுக்கு முன் நான்தான் சொன்னேன். அதைப் போத்தல்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தது அவர். அதே அறையில் தங்கியிருந்த வேலைத் தம்பி கண்டுவிடக்கூடாதாம். அந்தத் தம்பி வியாழக்கிழமையே லண்டனுக்கு வெளிக்கிட்டுவிட்டான். அதற்குப் பிறகும் பை ஒளித்த இடத்திலேயே இருந்தது. பிறர் கண்ணில் படாமல் ஒளித்து ஒளித்து, கடைசியில் அவர் கண்ணிலும் படவில்லை.

யூட்டுக்கு அடித்தேன். போன் நிறுத்தியிருந்தது. விமானம் பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டது. இறங்கின பிறகும் என்னால் பிடிக்க முடியாது. அவர் போட்டிருந்தது அக்ராவில் வாங்கிய சிம். அது நைரோபியில் வேலை செய்யாது, பண்ணைக்குப் போய்த்தான் பேசுவேன் என்று முன்னமே சொல்லியிருந்தார். பண்ணைக்கு விமான நிலையத்திலிருந்து இரவோடு இரவாகக் காரில் போவதாகத் திட்டம். வழியெல்லாம் மலை இறக்கம் என்றும் சொல்லியிருந்தார்.

டிக்கெட்டின் படம் என்னிடம் இருந்தது. அக்ராவில் பன்னிரண்டு மணி, நைரோபியில் எட்டே முக்கால். விரல் விட்டு எண்ணினேன். எட்டே முக்கால் மணித்தியாலம்! அவ்வளவு நேரம் ஊசியில்லாமல் வானத்தில் அவர் உடம்பு தாங்காது என்று அந்தச் சாப்பாட்டறைக் களஞ்சியத்துக்குள் மா மூட்டையில் குந்தி அழுதேன். பிறகுதான் போனில் தேடினேன். அக்ராவிலிருந்து நைரோபிக்கு ஏறத்தாழ நாலாயிரத்து இருநூறு கிலோமீற்றர். பறக்கும் நேரம் ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவு. அக்ராவில் நம் லண்டன் நேரம்தான், நைரோபி மூன்று மணித்தியாலம் முன்னுக்கு. அப்படியென்றால் லண்டனில் ஐந்தே முக்காலுக்கு இறங்கிவிடுவார்.

ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சில் மறுபடி பயம் பிடித்தது. ஐந்தே முக்காலுக்கு இறங்கிவிட்டால், அதற்குள் நான் என்ன செய்ய முடியும்? மிச்சம் நாலரை மணித்தியாலம். எனக்கு ஆபிரிக்காவில் ஒரு குருவியைக்கூடத் தெரியாது.

என் செபம் எந்தக் கோலத்தில் இருந்தது என்று அப்படியே எழுதுகிறேன். “மடு மாதாவே, பிளேனைக் கெதியாய் இறக்கிவிடும்” என்று கேட்பேன். அடுத்த நிமிஷம், “இல்லைத் தாயே, கொஞ்சம் சுணங்கி இறக்கும், நான் ஏதாவது வழி பார்க்க வேணும்” என்பேன். அவருடைய உடம்புக்குப் பயணம் குறைய வேண்டும், எனக்கு அது நீள வேண்டும். எதைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் மாறாமல் கேட்டேன். “ஒருத்தருக்கும் தெரியாமல் செய்து தாரும்.” புருஷன் சாகக் கிடக்கிற நேரத்திலும் நான் மானத்துக்கு உத்தரவாதம் கேட்டேன்.

விமான நிறுவனத்துக்கு அடித்தேன். பாட்டுக் கேட்டு முப்பத்தைந்து நிமிஷம் போனது. பேசிய பெண் அன்பாகத்தான் பேசினாள். பணியாளருக்குச் செய்தி அனுப்பப் பார்க்கிறேன், ஆனால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல ஏலாது, விமானத்துக்குள் இன்சுலினும் இராது என்றாள். பறக்கும் விமானங்களைக் காட்டுகிற ஒரு செயலியை இறக்கிப் பார்த்தேன். ஒரு சின்ன மஞ்சள் விமானம் ஆபிரிக்காவின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே தெருவில் நடந்தேன். எங்கே போகிறேன் என்று யோசிக்கவில்லை. மூன்று மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதை. கால் அங்கேதான் போயிற்று.

நமது கோயிலில் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை இங்கிலீஷில்தான். தமிழர் நாலைந்து பேர், மிச்சம் எல்லா நாட்டவரும். நான் வழக்கமான கடைசி வாங்கில் இருந்தேன். அதே வாங்கின் மற்ற முனையில் ஒரு கறுப்பின அம்மா எப்போதும் இருப்பார். ஏழெட்டு வருஷமாய் ஒரே வாங்கு. பூசையில் சமாதானம் சொல்லும்போது கை கொடுப்போம், பெயர்கூடக் கேட்டதில்லை. ஐந்தாம் ஸ்தலம் வந்தது. சீரேனே ஊர் சீமோன் ஆண்டவரின் சிலுவையைச் சுமந்த இடம். அந்த ஊர் ஆபிரிக்காவில் இருக்கிறது என்று சுவாமியார் வாசித்தார். எத்தனை தரம் கேட்டிருப்பேன், அன்றுதான் காதில் விழுந்தது. வழியில் போன ஒரு பிறத்தி மனிதன் வந்து கை கொடுத்தபோது ஆண்டவரே வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாரும் பார்க்கத்தான் அது நடந்தது. நான் முழந்தாளில் நின்றவள் எழும்ப ஏலாமல் அப்படியே வாங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

அந்த அம்மா நகர்ந்து வந்து என் முழங்கையைப் பிடித்தார். வாசல் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். “என்ன நடந்தது?” என்று கேட்டார். அவர் தமிழ் ஆள் இல்லை, கதை நம்மவர் மத்தியில் போகாது. இந்தக் கணக்கும் அப்போது மனதில் ஓடியது, பொய் சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் பெயர் கிறேஸ். கென்யாக்காரி. அவர் சொன்னது எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. “என் தங்கை மார்த்தா நைரோபியில் நேர்ஸ். அந்தப் படத்தை எனக்கு அனுப்பு.”

ஏழெட்டு வருஷமாய் ஆண்டவர் என் வாங்கின் மற்ற முனையில் உதவியை இருத்தி வைத்திருக்கிறார். நான் கை கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன்.

கிறேஸ் உடனே தங்கைக்குப் போன் எடுத்தார். அங்கே மாலை ஆறரை. படத்தில் மருந்துகளின் பெயர் தெளிவாகத் தெரிந்ததால் மார்த்தாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், ஆனால் வெள்ளிக்கிழமை வாகன நெரிசல், விமான நிலையத்துக்கு வந்து சேர இரண்டு மணித்தியாலமாவது செல்லும் என்றார். நாலாயிரத்து இருநூறு கிலோமீற்றரை ஆறு மணித்தியாலத்துக்குள் கடக்கிற உலகத்தில், ஒரே ஊருக்குள் போக இரண்டு மணித்தியாலம்! பிறகு மார்த்தா ஒரு கேள்வி கேட்டார். “அவ்வளவு சனத்துக்குள் அவரை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டிப்போக வருகிற சாரதியின் நம்பர் என்ன?”

சாரதியின் நம்பர் செல்வம் அண்ணையிடம் மட்டும்தான் இருந்தது.

பத்து நிமிஷம் நான் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. என்ன பொய் சொல்லி நம்பரை வாங்கலாம் என்று யோசித்தேன். ஒன்றும் பொருந்தி வரவில்லை. கடைசியில் வேலையில் இருந்த அனிற்றாவுக்கு அடித்து விஷயத்தைச் சொன்னேன். உன் கலியாணம் குழம்பிவிடுமே பிள்ளை என்றேன்.

“அம்மா, உங்களுக்கு விசரே?” என்று கத்தினாள். “அப்பாவை மறைச்சுத்தான் என்னைக் குடுக்கவேணுமெண்டால் எனக்கு அந்தக் கலியாணம் வேண்டாம். இப்பவே கோல் பண்ணுங்கோ. அவரிட்டச் சொல்லுங்கோ.”

செல்வம் அண்ணைக்கு அடித்தேன். “அண்ணை, அவருக்குச் சின்ன வயசிலயிருந்து சீனி. ஊசியில்லாட்டி இருக்க ஏலாத சீனி. மருந்தை அக்ராவில விட்டிட்டுப் பிளேன் ஏறிட்டார், வயித்து வருத்தமும். உங்களிட்ட மறைச்சுப்போட்டம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் ஏசத் தொடங்கினார். “என்ன தங்கச்சி இது! பத்து வருஷமா என்னோட வேலை செய்யிற மனுசன். தெரிஞ்சிருந்தா நான் அந்தாளைத் தனிய விட்டிருப்பனே? ஏதும் நடந்திருந்தா நான் உங்கட முகத்தில எப்பிடி முழிக்கிறது?” ஏசிக்கொண்டே சாரதியின் நம்பரை அனுப்பினார். பிறகு தானே சாரதிக்கு அடித்து, மார்த்தா வரும்வரை யூட்டைக் காரில் ஏற்றக்கூடாது என்று கட்டளையும் போட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் கையில் செபம் மட்டும்தான் இருந்தது. கிறேஸ் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அடுத்த தெருதான். அவருடைய குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அவர் தன் மொழியிலும் நான் தமிழிலும் செபமாலை சொன்னோம். பத்து மணிகொண்ட ஒரு காரணிக்கம் முடிய நான் மஞ்சள் விமானத்தைப் பார்ப்பேன். அது காடுகளுக்கு மேல் நிற்கிற மாதிரியே இருக்கும். அந்த நேரம் அவர் உள்ளே எப்படி இருக்கிறார், மூச்சு இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறவர் கவனிப்பாரா, ஒன்றும் தெரியாது. கிறேஸ் தேத்தண்ணி போட்டுத் தந்தார். விமானத்தைப் பார்த்தபடி எடுத்ததில் பாதி மேசையில் ஊற்றுப்பட்டது.

ஐந்து முப்பத்தெட்டுக்கு விமானம் இறங்கிவிட்டதாகக் காட்டியது. ஆறு மணி. ஆறேகால். மார்த்தாவின் போன் எடுபடவில்லை. ஆறரை. சாரதியும் எடுக்கவில்லை. ஆறே முக்காலுக்கு நான் செபமாலையை மேசையில் வைத்துவிட்டேன். “உமக்கு என்ன விருப்பமோ அதைச் செய்யும், ஆனால் அவரைத் தனியாகச் சாக விடாதேயும்” என்று மட்டும் சொன்னேன். அந்த நாளில் நான் மறைப்பு வைக்காமல் கேட்ட முதல் செபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏழு பத்துக்குப் போன் அடித்தது. மார்த்தா. “உங்கள் கணவர் என் பக்கத்தில் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். பேசுங்கள்.”

அவர் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி. “மேரி... என்ர பேரை மட்டையில எழுதிப் பிடிச்சுக்கொண்டு ஒரு பிள்ளை நிண்டுது. ஆர் இது?” நான் பதில் சொல்ல முதல் அடுத்த கேள்வி வந்தது. “நீர் ஆருக்கெல்லாம் சொன்னனீர்?”

பாருங்கள், சாவின் வாசலில் நின்றும் அந்த மனுஷனுக்கு அந்தக் கவலை.

“எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்” என்றேன். சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதேன். கிறேஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

விமானத்தில் மூன்று தரம் சத்தி எடுத்திருக்கிறார். பையைத் தேடியிருக்கிறார், இல்லையென்று கண்டதும் ஒருவரிடமும் சொல்லாமல் போர்வையை மூடிக்கொண்டு படுத்துவிட்டார். இறங்கும்போது நடக்க ஏலாமல் சக்கர நாற்காலியில்தான் கொண்டுவந்தார்களாம். மார்த்தாவின் மீற்றரில் இருபத்தேழு காட்டியது. நம்மைப் போன்றவர்களுக்கு ஐந்து, ஆறு இருக்கும். ஊசி மட்டும் போதாது, சேலைன் ஏற்ற வேண்டும் என்று மார்த்தா முடிவெடுத்து, பண்ணைக்குப் போகவிருந்த காரையே ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பியிருக்கிறார். அந்த இரவு மலைப்பாதையில் பயணம் செய்திருந்தால் காலையில் பண்ணைக்கு ஒரு பிரேதம்தான் போயிருக்கும் என்று அங்குள்ள டொக்டர் யூட்டிடமே சொன்னாராம். மூன்றாம் நாள் நானும் அனிற்றாவும் லண்டன் விமான நிலையத்தில் அவரைக் கண்டோம். மெலிந்துபோய், தாடியோடு. உயிரோடு.

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கலியாணப் பேச்சு மெல்ல நின்றுபோனது. ஒருவரும் முகத்தில் அடித்து ஒன்றும் சொல்லவில்லை, போன் வருவது குறைந்தது, பிறகு வரவில்லை. நான் அழவில்லை என்று சொல்ல மாட்டேன், ஒரு கிழமை அழுதேன். அனிற்றா அழவில்லை. செல்வம் அண்ணை யூட்டை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் மருந்துப் பையைத் திறந்து காட்டு என்று தன் கண்ணால் பார்த்துத்தான் அனுப்புகிறார். கிறேஸ் எங்கள் வீட்டில் ஒருவர். நத்தார்ப் பண்டிகைக்கு எங்களோடுதான் சாப்பிட்டார், றோல்ஸ் உறைப்பு என்று சொல்லிச் சொல்லி ஆறு சாப்பிட்டார்.

என் செபம் கேட்கப்பட்டது. ஆனால் நான் கேட்டபடி இல்லை. ஒருவருக்கும் தெரியாமல் செய்து தாரும் என்று கேட்டேன், அவர் எல்லாருக்கும் தெரியச் செய்து காப்பாற்றினார். நான் வாயைத் திறக்கும்வரை அவர் காத்திருந்தார் என்றுதான் நம்புகிறேன். என் வாய் திறந்த பிறகு ஒவ்வொரு கதவாய்த் திறந்துகொண்டே போனது.

இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு வருத்தத்தை, ஒரு பிள்ளையின் கண்ணீரை, ஒரு புருஷனின் குடியை ஒளித்து வைத்துக்கொண்டு, ஆண்டவரே இதை இரகசியமாய்த் தீர்த்துவிடும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. கேளுங்கள், அவர் கேட்பார். ஆனால் பக்கத்தில் இருக்கிறவரிடமும் சொல்லுங்கள். அவரை அங்கே இருத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்?

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் ஹோலில் சாப்பாடு. என் கணவர் முன் மேசையில் இருப்பார். சோறு போட முதல் சேர்ட்டைத் தூக்கி, எல்லாருக்கும் முன்னால் வயிற்றில் ஊசி போடுவார். பார்க்க ஒரு மாதிரி இருந்தால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அதே வருத்தம் இருந்தால், எழும்பி வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருங்கள். அது உங்களுக்காகத்தான் வெறுமையாக இருக்கும்.